ஆவணி விடுமுறையும் நகரத்துப் பெற்றாரும்

ஆண்டொன்றுக்கு மூன்று முறை நமது பாடசாலைகள் கதவடைக்கின்றன. சித்திரையில் வருவது புத்தாண்டு விடுமுறை. மார்கழியில் வருவது ஆண்டிறுதி விடுமுறை. இவ்விரண்டுக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. பண்டிகையும் பரீட்சை முடிவும் அவற்றுக்கு அரணாய் நிற்கின்றன. இடையில் ஆகஸ்டு மாதத்தில் வருவதோ அத்தகைய காவல் ஒன்றும் இல்லாதது. அதனை ஆவணி விடுமுறை என்று வழங்குகிறோம். கேட்பாரற்ற காணியின் எல்லை ஆண்டுதோறும் அரிபடுவது போல, இவ்விடுமுறையின் நாட்கள், சிறப்பாக அதன் கடைசி நாட்கள், நகரத்திலே பிள்ளைகளின் கையைவிட்டுச் சிறிது சிறிதாக நழுவி வருகின்றன. அந்நாட்கள் யாருக்கு உரியன, அவற்றை நகரத்துக் குடும்பம் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆகஸ்டு மாதத்தில் விடுமுறை விடும் வழக்கம் நமது மண்ணில் முளைத்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியிலே நம் பாடசாலைகள் மூன்று தவணை ஒழுங்கை மேற்கொண்டன. ஆகஸ்டு, அவர்தம் நாட்டிலே கோடை முதிர்ந்து முடியுங் காலம். நீண்ட பகல்கள் குறுகத் தொடங்குங் காலம். கொழும்போ பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்கும் சற்றுக் குறைந்த தூரத்தில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்திலுங் குறைவு. ஆதலின் கோடை கழிகின்றது என்பதை நாம் சூரியனைக் கொண்டு அறிவதில்லை. காற்றைக் கொண்டே அறிகின்றோம். மே மாதந் தொடங்கி வீசுந் தென்மேற்குப் பருவக்காற்று, நாம் சோளகம் என்று அழைப்பது, செப்தெம்பரில் ஓயத் தொடங்கும். வைகாசி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே கொழும்பில் மழை ஓரளவு தணிந்து, காற்று மட்டும் கடலிலிருந்து ஓயாது வீசுங் காலம் ஆகஸ்டு மாதம்.

வந்த ஒழுங்கு பிறநாட்டினதாயினும், வடபுலத்து வாழ்க்கையோடு அது நன்கு பொருந்திவிட்டது. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறி, 25 நாட்கள் நடைபெற்று, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் இவ்விடுமுறையை அணைந்தே வருவது. பனைகளிற் பழம் கனிந்து விழுவதும் இக்காலத்திலேதான். தோட்டங்களிற் புகையிலை வேலை முடிந்திருக்கும். மழையை நம்பிச் செய்யும் நெல் விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். வீட்டுப் பெரியவர்கட்குப் பேரப்பிள்ளைகளோடு இருக்க நேரங் கிடைக்கும் மாதம் அது.

கொழும்பிலே அரசாங்கக் கந்தோர்களிலும் வர்த்தக நிலையங்களிலும் பணியாற்றிய நம்மவர் இவ்விடுமுறை வந்ததும் மனைவி மக்களைப் புகையிரதமேற்றி ஊருக்கு அனுப்புவர். லீவு கிடைத்தபோது தாம் பின்தொடர்வர். கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை 256 மைல். 1956ஆம் ஆண்டு சித்திரையில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் அத்தூரத்தை ஒரு பகற்பொழுதினுட் கடந்துவிட முடிந்தது. நமது கல்லூரியின் மூத்த பழைய மாணவருட் பலர்க்கு, விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்றும் காதில் ஒலிப்பது அந்த வண்டியின் ஓசையாகவே இருக்கும்.

ஊருக்குச் சென்ற பிள்ளை அங்கே என்ன பெற்றது? ஓய்வு பெற்றது என்பது பாதி விடையே. ஊரிலே பிள்ளையை வளர்ப்பவர் தாய் தந்தையர் இருவர் மட்டுமல்லர். அம்மம்மா ஊட்டுவார், அப்பப்பா கோவிலுக்குக் கைபிடித்துச் செல்வார், மாமன் கிணற்றிலே குளிக்க வார்ப்பார், அயல்வீட்டு ஆச்சி வேலியாற் பார்த்து அதட்டுவார். ஒருவர் சலித்தபோது மற்றொருவர் ஏற்றுக்கொள்வர். தாய்க்கும் இதனாற் சிறிது ஓய்வு கிடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது. பிள்ளை வளர்ப்பு என்னும் பாரம் பல தோள்களிலே பகிரப்பட்டிருந்தமையின் அது பாரமாகத் தோன்றவில்லை.

அங்கே பிள்ளை கற்றதும் உண்டு. பனம் விதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆவணியில் அதிகாலையிலெழுந்து, பிறர் பொறுக்குமுன் வளவிலே விழுந்த பனம்பழங்களைச் சிறுவர் பொறுக்கி வருவர். ஆச்சி அவற்றைப் பிழிந்து, களியிற் பணியாரஞ் சுடுவார். மிகுதியைப் பாயிலே பரவிக் காயவைத்துப் பினாட்டு ஆக்குவார். விதைகள் ஒரு மூலையிற் குவியும். மழைக்கு முன் அவற்றைப் பாத்தியிற் புதைப்பர். சில மாதங்கள் கழிய, பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுப்பர். அவித்துத் தின்றது போக மிகுதி ஒடியலாகும். ஆவணியிலே தான் பொறுக்கிய விதை தைமாதத்தில் உணவாக வருவதைக் கண்ட பிள்ளைக்கு, காத்திருத்தல் என்றால் என்னவென்று ஒருவரும் விரிவுரை செய்யவேண்டியதில்லை. தன் சிறு கைவேலை ஒரு குடும்பத்தின் உணவிலே சேர்கின்றது என்ற பெருமையும் அதற்கு உண்டாகும்.

உறவுமுறையும் அவ்வாறே கற்கப்பட்டது. பெரியம்மா வேறு, சின்னம்மா வேறு, மாமி வேறு; குஞ்சியப்புவின் மகன் தம்பி, மாமியின் மகன் மச்சான் என்ற பகுப்பையெல்லாம் பிள்ளைகள் ஏட்டிற் படித்தறிந்தாரல்லர். அந்தந்த முற்றத்திலே நின்று, அந்தந்தக் கையால் உணவுண்டு அறிந்தனர். நகரத்திலே தந்தையின் நண்பரும், தமையனும், பக்கத்து வீட்டாரும், வான் ஓட்டுபவரும் அங்கிள் என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றனர். சொல் ஒன்றாகும்போது உரிமையும் கடமையும் ஒன்றாகி மங்கிவிடுகின்றன.

இந்த வழக்கம் தானே தேய்ந்து மறைந்ததன்று, முறிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்பின் கப்பலேறி வடக்கே சென்ற கொழும்புப் பிள்ளைகளுக்கு அவ்வாண்டின் ஆவணி, திரும்பும் நாள் குறிக்கப்படாத விடுமுறையாயிற்று. 1990ஆம் ஆண்டு யாழ்தேவியின் வடபகுதிப் பயணம் நின்றது. 2002இல் ஏ-9 வீதி திறந்தது; 2006இல் அடைபட்டது; 2009இற் போர் முடிந்தபின் மீண்டுந் திறந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்தோபரிலேதான் புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. 1990க்கும் 2014க்கும் இடைப்பட்டவை 24 ஆண்டுகள். ஒரு பிள்ளை பிறந்து, கல்வி முடித்து, தொழிலில் அமர்ந்து, தாயோ தந்தையோ ஆவதற்குப் போதிய காலம் அது. இன்று கொழும்பிலே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றாருட் பலர் ஆவணி விடுமுறையின் பழைய உருவத்தைத் தம் இளமையிற் கண்டறியாதவர். வடக்கிலே வளர்ந்தோர்க்கோ, இடப்பெயர்வினால் விடுமுறைக்கும் தவணைக்கும் வேறுபாடு தெரியாது கழிந்த ஆண்டுகள் உள. தாம் பெறாத ஒன்றைப் பிள்ளைகட்குக் கொடுக்கவில்லை என்று அவர்களைக் குறைகூறுதல் நீதியன்று. அது என்னவென்று எடுத்துச் சொல்வது மூத்தோர் கடன்.

இனி, இன்றைய நகரத்துக் குடும்பத்தை நோக்குவோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை முதலிய இடங்களில் நம்மவருட் பலர் வாழ்வது தொடர்மாடி வீடுகளில். முற்றமில்லை, வேலியில்லை, வேலிக்கு அப்பால் நின்று அதட்டும் ஆச்சியும் இல்லை. தாயுந் தந்தையும் காலையில் வேலைக்குச் செல்கின்றனர். பாடசாலை நடக்கும் நாளிற் பிள்ளை எங்கிருக்கிறதென்ற கவலை இல்லை. விடுமுறை வந்ததும் அக்கவலை பிறக்கிறது. பேரனோ பேர்த்தியோ உடனிருந்தாற் பாக்கியம். இல்லாதபோது பிள்ளையை ஒப்படைக்க ஓரிடம் வேண்டும். அந்த இடமாக வாய்த்ததுதான் ரியூசன் வகுப்பு. பிள்ளைகள் விடுமுறையிலும் காலை தொடக்கம் மாலை வரை வகுப்புக்கு வகுப்பு அலைவதன் காரணம் படிப்பின்மேலுள்ள ஆசை மட்டுமன்று. வீட்டிலே பார்க்க ஆளில்லாமையும் ஒரு பெருங்காரணம். இதனை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டாலன்றிப் பரிகாரம் தேட முடியாது. ரியூசனைப் பழிப்பதாற் பயனில்லை. பிள்ளையைப் பார்ப்பார் யார் என்ற வினாவுக்கு வேறு விடை காணவேண்டும்.

திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். அவ்வதிகாரத்திலே இரண்டு கருத்துக்கள் அருகருகே நிற்கின்றன. மக்களைத் தீண்டுவதும், அவர் சொற் கேட்பதும், அவர் சிறுகை பட்ட உணவை உண்பதும் பெற்றார்க்கு இன்பம் என்பது ஒன்று. மகனை அவையிலே முந்தி நிற்கச் செய்தல் தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்ததன் கருத்தை நாம் சிந்தித்தல் வேண்டும். நகரவாழ்க்கை இரண்டாவதை இறுகப் பற்றிக்கொண்டு, முதலாவதைக் கைநெகிழ விட்டிருக்கிறது. பிள்ளையை முந்தச் செய்வதற்காக ஓடும் ஓட்டத்தில், பிள்ளையோடு இருப்பதற்குப் பொழுதில்லை. தவணைக் காலத்தில் இதனைத் தவிர்ப்பது அரிது. விடுமுறையிலும் இவ்வாறே நிகழுமாயின் அந்த முதற்கருத்துக்கு ஆண்டில் இடமே இல்லாது போகும்.

விடுமுறையின் இறுதியிற் பெற்றாரை வருத்தும் அச்சம் இரண்டு. ஒன்று, படித்ததைப் பிள்ளை மறந்துவிடும் என்பது; மற்றது, நேரத்துக்கு எழும்பும் பழக்கம் கெட்டுவிட்டது என்பது. இவ்விரண்டையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

மறதியைப்பற்றி முதன்முதல் அளவிட்டு ஆராய்ந்தவர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் மூன்று உண்மைகள் நமக்குப் பயன்படுவன. மறதி தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்கிறது என்பது முதலாவது. முன்பு கற்று மறந்ததைத் திரும்பக் கற்க முதலிற் கற்றதிலும் குறைந்த நேரம் போதும் என்பது இரண்டாவது. ஒரே நாளிற் பன்முறை படிப்பதிலும், பல நாட்களிற் பிரித்துப் படிப்பது மனத்தில் நன்கு பதியும் என்பது மூன்றாவது. பிற்காலத்து ஆராய்ச்சிகளும் இவற்றை உறுதிசெய்துள்ளன.

இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? விடுமுறையின் கடைசி வாரத்தில் நாளுக்கு ஆறு மணித்தியாலம் வகுப்பில் இருத்துவதிலும், விடுமுறை முழுவதும் நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டிலிருந்து படித்தல் பெரிதும் நன்று. அமெரிக்காவிலே கோடை விடுமுறை 10 வாரம் வரை நீள்வது. அங்கே பிள்ளைகள் கணிதத்தில் பின்தங்குதலைப்பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர். நமது ஆவணி விடுமுறையோ சில வாரங்களே கொண்டது. அதற்குள் ஒரு பிள்ளையின் கல்வி அழிந்துபோகாது. ஒருநாட் கணக்கு, ஒருநாள் வாசிப்பு, ஒருநாள் ஊரிலுள்ள அப்பப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ தமிழிலே ஒரு கடிதம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் பிள்ளைக்குச் சலிப்பும் தோன்றாது. கடிதத்துக்குப் பதில் வருமாயின், வாசிப்புக்கு வேறு புத்தகம் தேடவேண்டியதில்லை.

இரண்டாவது அச்சம் நித்திரையைப்பற்றியது. இது பெரும்பாலும் நியாயமானதே. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலமும், 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணித்தியாலமும் நித்திரை வேண்டும் என்பது வைத்தியர் துணிபு. நமது பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குவன. கொழும்பிலே பாடசாலை வான் பல வீடுகளுக்கு 6 மணிக்கே வந்துவிடும். ஆகவே பிள்ளை 5.15க்கு எழும்பவேண்டும், 9 மணித்தியாலம் உறங்குவதாயின் இரவு 8.15க்குப் படுத்தல் வேண்டும். விடுமுறையிலோ பிள்ளை தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பார்த்து இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 8 மணிக்கு எழும்புகிறது. நித்திரையின் அளவு குறையவில்லை. ஆயின் அதன் இடம் 2 மணி 45 நிமிடம் தள்ளிப்போய்விட்டது.

உடம்பினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு. அதனை ஒரே இரவில் திருப்பிவைத்தல் இயலாது. தவணை தொடங்கும் நாளுக்கு முந்திய இரவு 8.15க்குப் பிள்ளையைப் படுக்கவிட்டு உறங்கு என்றால், அது இருட்டில் விழித்துக்கொண்டு கிடக்கும். மறுநாள் வகுப்பிலே கண் சொருகும். ஆசிரியர்கள் தவணையின் முதல் வாரத்தில் ஆண்டுதோறும் காணுங் காட்சி இது. நாளுக்குக் கால்மணி நேரமாக முன்தள்ளி வந்தால் 2 மணி 45 நிமிடத்தை ஈடுசெய்ய 11 நாட்கள் வேண்டும். எனவே தவணை தொடங்க 11 நாட்களுக்கு முன்னரே இத்திருத்தம் ஆரம்பமாதல் வேண்டும். அக்கடிகாரத்தைத் திருத்துவதற்குக் காலை வெளிச்சம் சிறந்த கருவி. எழுந்தவுடன் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்று அரைமணி நடத்தலும், படுக்குமுன் ஒரு மணித்தியாலம் கைத்தொலைபேசியை எட்ட வைத்தலும் போதும். பெற்றாரும் தம் கைத்தொலைபேசியை உடன் வைத்தாலன்றி இவ்விதி வீட்டிலே நிலைபெறாது.

அச்சங்களை இவ்வாறு நீக்கியபின் எஞ்சுவது முன்னர் எழுந்த வினா: பகலிலே பிள்ளையோடு இருப்பார் யார்? தனியார் துறையிலே பணியாற்றுவோர்க்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் அளிக்கிறது. அரசாங்க ஊழியர்க்கு இதனினும் அதிகம் உண்டு. திருமணவீடு, மரணவீடு, நோய் என்று இவை கழிகின்றன என்பது மெய்யே. எனினும் அவற்றுள் நான்கு நாட்களை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கி, தாய் இரண்டும் தந்தை இரண்டுமாக ஆவணி விடுமுறையின் கடைசி வாரத்துக்கு வைத்தல் இயலாததன்று. அவ்வாரத்திலே வேலைநாட்கள் ஐந்தே. ஐந்தாம் நாளுக்கு ஒரு மாமியையோ சின்னம்மாவையோ அழைத்துக்கொள்ளலாம். ஒரே தொடர்மாடியில் வாழும் நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் தக்கதே. ஊரிலே வேலி பிரித்த வீடுகள் செய்ததைத்தான் இங்கே சுவர் பிரித்த வீடுகள் செய்யப்போகின்றன.

அந்நாட்களைக் கழிப்பதற்கு நகரத்தில் இடமில்லை என்பர் சிலர். காலிமுகத்திடலை எடுத்துக்கொள்க. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடற்கரை நடைபாதை அது. கொழும்பு மாநகரின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதனைப் பேணும்படி தமக்குப்பின் வருவோரை வேண்டிக்கொள்ளும் கல்வெட்டொன்றை அவர் அங்கே நிறுத்தினார். நகரத்திலே பிள்ளைகளுக்கென்று கல்லில் எழுதி ஒப்படைக்கப்பட்ட நிலம் வேறு எது?

அங்கே ஆகஸ்டு மாதத்திற் பட்டம் ஏற்றலாம். வடக்கிலே பட்டம் விடுங்காலம் தைப்பொங்கலை ஒட்டியது. வடகீழ் வாடை வீசுங்காலம். கொழும்பிலே கடலிலிருந்து தென்மேற்குக் காற்று நேராகத் திடலின்மேல் வீசுவதாற் காலம் மாறி, ஆவணியே பட்டக் காலமாகிறது. வடமராட்சியிலே பிறந்த தந்தை ஒருவர், ஈர்க்குச் சீவவும் முச்சை கட்டவும் வாலின் நீளத்தைக் காற்றுக்கேற்பக் கூட்டிக் குறைக்கவும் விண் பூட்டி இசைக்கச் செய்யவும் கற்றிருப்பாராயின், அந்த வித்தை தைமாதம் வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஊரின் அறிவை நகரத்தின் காற்றிலே ஏற்றிக் காட்டலாம். கடையிலே வாங்கிய பட்டத்திலும், மேசையிலே பசையொட்டித் தானே கட்டிய பட்டம் பிள்ளைக்கு அருமையானது. இருமுறை கிழிந்து மூன்றாம் முறை எழும்புமாயின் இன்னும் அருமையானது. ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: இக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பாயிருப்பதாற் கரையிலே நின்று அலையைப் பார்த்து மகிழ்தலே தக்கது, பிள்ளைகளை நீரில் இறங்கவிடலாகாது.

காற்றில்லாத நாளுக்கு நூதனசாலை இருக்கிறது. 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில், சீனத் தளபதி செங் ஹோவின் 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு உளது. காலியிலே கண்டெடுக்கப்பட்ட அக்கல்லிற் சீனம், பாரசீகம் என்னும் இரண்டோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இத்தீவின் தென்கரையிலே வணிகர்க்கும் மாலுமிகட்கும் விளங்கிய மொழி தன் தாய்மொழி என்பதை, அக்கல்லின்முன் நின்று எழுத்துக்கூட்டிப் பார்க்கும் பிள்ளை ஒருபோதும் மறவாது. வெள்ளவத்தையில் 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், 1925இல் தொடங்கப்பட்ட கொழும்புப் பொது நூலகமும் உள்ளன. பிள்ளை தானே அலுமாரியிலிருந்து ஒரு நூலைத் தெரிந்தெடுப்பதற்கு அரைநாளை விட்டுக்கொடுத்தல் வேண்டும். நாம் தெரிந்து கொடுத்தால் அது பாடமாகிவிடும்.

எங்குஞ் செல்லாத நாளிலும் பயன் உண்டு. பனம் விதை பொறுக்கிய பிள்ளைக்குக் கிடைத்ததைத் தொடர்மாடியிலும் ஓரளவு கொடுக்கலாம். வீட்டு வேலையில் ஒன்றைப் பிள்ளைக்கே உரியதாக்குக. சந்தைக்குச் செல்லும்போது காய்கறிக் கணக்கை அது வைக்கட்டும்; பலகணியிலே ஒரு சாடியில் வெந்தயமோ பயறோ விதைத்து நாள்தோறும் நீர் வார்க்கட்டும்; ஒருநாட் காலையில் இடியப்பம் பிழியட்டும். உரல் கனத்து, மா சிந்தி, தட்டு நிறையாது போகலாம். வள்ளுவர் சொன்ன சிறுகை பட்ட உணவின் சுவையை அன்று பெற்றார் அறிவர். பிள்ளை ஒன்றுஞ் செய்யாது சும்மா இருக்கும் நேரத்தையும் அஞ்சவேண்டியதில்லை. சலிப்புத் தோன்றியபோதுதான் பிள்ளை தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கிறது.

இவ்வளவும் இரு சம்பளம் வரும் வீடுகட்கு எளிது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் நாட்கூலியில் வாழுங் குடும்பங்களும் உள. அங்கே தந்தை ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடின் அன்று உலை ஏறாது. விடுமுறையிற் பிள்ளை பூட்டிய அறையினுள்ளோ வீதியிலோ பொழுதைக் கழிக்கிறது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. இவ்வுரிமையை மெய்யாக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. பாடசாலைகளின் மைதானங்களும் நூலகங்களும் விடுமுறையிற் பூட்டிக்கிடக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் அதிபரின் இசைவோடு, ஆவணி விடுமுறையின் கடைசி வாரத்திற் காலை வேளைகளில் அவற்றைத் திறந்து, இருவர் மூவராக முறைவைத்து மேற்பார்வை செய்யலாம். சம்பளமற்ற அந்தச் சேவைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் உளராதல் நமது பேறு. மண்டபங் கட்டுதலையும் பரிசு நிறுவுதலையும் போலவே இதுவும் கல்லூரிக்குச் செய்யுந் தொண்டாகும்.

மேல்வகுப்பு மாணவர் இக்கட்டுரையைப் படித்து, பரீட்சை எழுதும் நமக்கு இவை எப்படிப் பொருந்தும் என்று கேட்பர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை பல ஆண்டுகள் ஆகஸ்டு மாதத்திலேயே நடைபெற்றது; உயர்தரப் பரீட்சையும் 2019 வரை பல ஆண்டுகள் அம்மாதத்திலே நடந்தது. அதனால் ஆவணியைப் பரீட்சை மாதமாகவே எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பரீட்சையை அண்மையில் எதிர்நோக்குவோர் படிக்கத்தான் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பிரித்துப் படித்தலும் போதிய நித்திரையும் அவர்கட்கே மிக அவசியமானவை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை என்பதற்காக மற்றப் பிள்ளைகளின் விடுமுறையையும் சேர்த்து அடைத்துவிடுதல் தகாது. பரீட்சை எழுதும் பிள்ளையும் மாலையில் ஒரு மணித்தியாலம் தம்பி தங்கையோடு நடந்துவிட்டு வந்தால், புத்தகம் அதனைக் கைவிட்டு ஓடிவிடாது.

ஆவணி கழிந்தாற் புரட்டாதி, அதன்பின் நவராத்திரி. சரசுவதி பூசையன்று புத்தகங்களைப் பூசையில் வைத்து, விசயதசமியன்று எடுத்துப் படிக்கத் தொடங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கல்வியைத் தெய்வமாகப் போற்றிய முன்னோரே, புத்தகத்தை மூடிவைப்பதற்கும் ஒரு நாளைக் குறித்தனர். ஆவணி விடுமுறையின் கடைசி நாட்களையும் அவ்வாறு போற்றுவோமாக. நமக்குக் கிடைத்த ஊரும் முற்றமும் நம் பிள்ளைகட்குக் கிடையாமற் போகலாம். அவற்றிலே நம்மோடு இருந்தோர் நமக்காக ஒதுக்கிய பொழுதை நம் பிள்ளைகட்காக ஒதுக்குதல் நம் கையில் உளது. வரும் ஆவணிக்கு இன்றே நாட்காட்டியில் நான்கு நாட்களைக் குறித்துக்கொள்வோமாக.